நிலாப் படமும் சிங்கப்பூர் காரும்

இன்னிக்குக் கடலூர்லேருந்து சிதம்பரம் போற பஸ்ஸுல ஒரே நிலாப் பேச்சு.

நிலாவுல மனுஷன் நிக்கிறதா பேப்பர்ல வந்த படத்தத் தட்டித் தட்டி, "எல்லாம் பொய்! ஸ்டூடியோவுல எடுத்தது"ன்னு என் மச்சான் கத்தினார்.

பக்கத்துல பரங்கிப்பேட்டை பாய் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். "அப்படியும் எடுப்பாங்களா தம்பி?"ன்னு கேட்டார்.

"ஏன் மாமா, சிங்கப்பூர் போனவன்லாம் காரு பக்கத்துல நின்னு படம் அனுப்புறானே, அந்தக் காரே ஸ்டூடியோ துணியில வரைஞ்சதுதான்!"

பாய் சட்டைப் பையிலேருந்து ஒரு படத்த எடுத்தார். சிங்கப்பூர் போன அவர் மகன், காரு பக்கத்துல சிரிச்சுட்டு நிக்கிறான்.

மகன் முகத்த விரலால தடவிட்டு, "காரு போனா போவுது. சிரிப்பையுமா வரைவாங்க?"ன்னார்.

மச்சான் பேப்பர மடிச்சுட்டு, "நிலாவுக்கு நெசமாத்தான் போயிருக்காங்க மாமா"ன்னார்.

இப்ப யாராவது பொய்யின்னு சொல்லுங்க, பார்க்கலாம்.