நானே ஒட்டிய என் கண்ணீர் அஞ்சலி

ஆம்பூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் என்னுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டியவன் நான்தான். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போனதும் நான், தென்னந்துடைப்பத்தால் சுவரில் பசை தடவியதும் நான், ஒட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று போட்டோ கோணலாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்ததும் நான். செத்தவனுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். பஸ் போர்டு, சினிமா போஸ்டர், அவ்வளவுதான். தோல் கம்பெனியில் டிரம் ஓட்டுகிற வேலை. ஒரு அறை அளவுக்கு மர டிரம் இருக்கும், அதில் தோலையும் மருந்தையும் போட்டு நாள் முழுக்கச் சுற்ற விடுவோம். வெளியே எடுக்கும்போது தோல் நீலமாக வரும். என் நகக்கண்ணும் அதே நீலம். இது போக, எங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் சிரிக்க வைக்க ஒரு ஆள் தேவைப்படும். அந்த வேலையும் என்னுடையதுதான். கூலி கிடையாது என்பதால் போட்டிக்கு ஆள் வரவில்லை.

எதிர் வீட்டுப் பெண் வேலூரில் ஒரு கல்லூரியில் சினிமா எடுக்கிற படிப்பு படிக்கிறாள். அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறார். கடைசி வருடத்துக்கு ஒரு பேய்ப் படத்தின் டிரெய்லர் எடுத்துக் காட்ட வேண்டும், படம் வேண்டாம், டிரெய்லரும் போஸ்டரும் போதும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்களாம். சிரிப்புப் பேய் வேண்டும் என்று அவள் யோசித்திருக்கிறாள். கதவைத் திறந்தால் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூடிக் கிடந்த ஒரு பழைய தோல் கம்பெனியில் எடுத்தோம். கதை இவ்வளவுதான். டிரம்முக்குள் விழுந்து செத்தவன் பேயாக எழுந்து வருகிறான். அவனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அவன் மேல் அடிக்கிற நாற்றத்துக்குத்தான் ஓடுகிறார்கள். இந்த ஜோக் என்னுடையது. பேயின் கைக்கு நீலச் சாயம் பூச அந்தப் பெண் டப்பாவோடு வந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு டப்பாவை மூடி வைத்தாள். மூஞ்சிக்கு மட்டும் வெள்ளைப் பவுடர். கேமரா பிடித்தவன் அவளோடு படிக்கிற வேலூர்ப் பையன், நான் வாயைத் திறந்தாலே சிரித்துவிடுவான். படம் ஆடுகிறது என்று அவள் திட்டுவாள். எனக்கு அது போதுமாக இருந்தது. படித்த பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால், நமக்கும் என்னவோ இருக்கிறது என்றுதானே தோன்றும்.

போஸ்டரில் படத்தின் பெயரை மேலே பெரிதாகப் போட்டிருந்தாள். நான்தான் கெடுத்தேன். கண்ணீர் அஞ்சலி மாதிரி போடு, என் போட்டோவுக்கு மாலை போடு, ரெண்டு பக்கமும் விளக்கு வை, நம்ம ஊரில் ஜனங்கள் நின்று பார்ப்பது அந்த ஒரு போஸ்டரைத்தான் என்றேன். படத்தின் பெயரையும், இது காலேஜ் டிரெய்லர் என்கிற விஷயத்தையும் அடியில் சின்னதாகப் போடச் சொன்னேன். கிட்டே வந்து படித்ததும் சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அச்சடிக்கும் முன் போனில் காட்டி, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிறதா என்று கேட்டாள்.

“எல்லாம் க்ளீனா கீதும்மா” என்றேன்.

எனக்கு அங்கே ஏதோ எறும்பு வரிசையாகப் போவது மாதிரி தெரிந்தது. படிக்கத் தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வெட்கம். நான் சொல்லச் சொல்ல இதை இப்போது எழுதுவதும் அவள்தான். இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, எழுது.

ஒரு வியாழக்கிழமை ஒட்டினோம். ஷூ கம்பெனி வேன்கள் நிற்கிற இடங்களாகப் பார்த்து ஒட்டியதும் என் மூளைதான். காலையில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேன் வேனாகப் பெண்கள் வேலைக்கு வருவார்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சேதி போக வேண்டுமென்றால் அந்த வேனில் ஏற்றிவிட்டால் போதும், சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஓடுகிற வேனிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? மாலை போட்ட என் மூஞ்சி தெரியும். கண்ணீர் அஞ்சலி தெரியும். எறும்பு வரிசை யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமையே போன் வர ஆரம்பித்துவிட்டது. எப்போது எடுக்கிறார்கள் என்று என்னிடமே கேட்டான் ஒருவன். நாலு மணிக்கு, நானும் கூடப் போகிறேன் என்றேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே விட்டார். தெருவே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் நீ பூ வைக்கலாமா என்று அவளிடமே ஒரு பெண் கேட்டிருக்கிறாள். சோறு போட்டாள், தட்டைத் தள்ளி வைத்தாள், ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“ஆலங்காயத்துக்கு ஒரு போன் போட்டுடு.”

ஆலங்காயத்தில் என் அக்கா இருக்கிறாள். கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். நாலு வருடமாக என்னோடு பேச்சு கிடையாது. காரணம் நான். அவள் வீட்டுக்காரர் தோல் லோடு ஏற்றுகிற லாரி ஓட்டினார். நல்ல மனுஷன், ஆனால் எங்கேயும் நேரத்துக்குக் கிளம்ப மாட்டார். அவர் இறந்தபோது, பாடையைத் தூக்குகிற நேரத்தில், “மாமா இன்னிக்குத்தான் டைமுக்குக் கெளம்பறார்” என்றேன். தூக்குகிறவர்களுக்குச் சிரிப்பு வந்து, பாடை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அக்கா கூந்தல் அவிழ்ந்தபடி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு காரியத்துக்கும் என்னைக் கூப்பிடவில்லை, நான் போன் போட்டாலும் எடுக்கவில்லை.

மனைவி சொன்ன அன்றே நான் போன் போட்டிருக்க வேண்டும். நான் போடாவிட்டாலும் அவளே போட்டிருப்பாள், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். அக்கா எடுக்க மாட்டாள், எதற்கு என்று அவளிடம் சொன்னேன். அது பொய். செத்தால் அக்கா வருவாளா என்று பார்க்க எனக்கு ஆசை இருந்தது. இதை இன்றுவரை என் மனைவியிடம் சொன்னதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் வீட்டு வாசலில் இன்னொரு சின்ன வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம், போனில் அனுப்புவதற்காக. மூஞ்சி முழுக்கப் பவுடர், வாய் ஓரத்தில் சிவப்பு. தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. என் கூடப் பொறந்தவனே, எனக்குன்னு இருந்த ஒருத்தனே என்று பாடிக்கொண்டு வந்தாள் அக்கா. சனிக்கிழமை சாயங்கால வேனில்தான் அவளுக்குச் சேதி போயிருக்கிறது. ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய கோடி வேட்டி. எதிரில் வந்தவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், அவள் நின்று கேட்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் என்ன நடந்தது தெரியுமா? சந்தோஷம். வந்துவிட்டாளே என்று அப்படி ஒரு சந்தோஷம். ஓடிப்போய்க் காலில் விழுந்திருக்கலாம். அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கேமராப் பையனுக்குக் கையைக் காட்டினேன், நிறுத்தாதே என்று. கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் வாசல்படியில் கால் வைத்ததும் நீலக் கையை நீட்டிக்கொண்டு குதித்தேன்.

அக்கா கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு செருப்பு கழன்று சாக்கடை ஓரம் போய் விழுந்தது. கூடியிருந்தவர்களில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என் மூஞ்சியைப் பார்த்தாள், பிறகு என் நகக்கண்ணைப் பார்த்தாள். அதைப் பார்த்துத்தான் நான் என்று நம்பினாள் போல.

என் மனைவி தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். அக்கா வாங்கவில்லை. மாலையையும் வேட்டியையும் படியில் வைத்தாள். எழுந்து, ஒரு காலால் தடவித் தடவிச் செருப்பைத் தேடி மாட்டினாள்.

“உன் சாவுக்கு வரணும்னு இருந்துதுடா எனக்கு. வந்துட்டேன். இனிமே இந்த வாசலுக்கு எனக்கு வேல இல்ல.”

இவ்வளவுதான் சொன்னாள். பஸ் வரைக்கும் என் மனைவி கூடவே போனாள். நான் பவுடரோடு நின்றேன்.

இதுவரை நடந்ததைத் தப்பு என்று சொல்லிவிடலாம். இதற்கு மேல் நடந்ததற்குப் பெயர் வேறு. இதுதான் பெஸ்ட் ஷாட் என்றான் கேமராப் பையன். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு மனசு இல்லை. “மாமா, நீங்க வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்” என்றாள். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். சிரிக்க வைக்கிறவன் சீரியஸாகிவிட்டான் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. போடும்மா, ஜாலியா கீது என்றேன்.

காலேஜ் ஹாலில் டிரெய்லர் போட்ட அன்று என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். டிரம் ஜோக்குக்குக் கை தட்டினார்கள். கடைசியில் அக்கா வந்தாள், சுவர் அளவுக்கு. எங்கள் வாசலில் நான் பார்க்காத ஒன்றைத் திரையில் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தபோது, படியில் கால் வைப்பதற்கு முன் அவள் ஒரு நொடி நின்றிருக்கிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, மாலையில் மடங்கியிருந்த ஒரு பூவை நிமிர்த்தி விட்டிருக்கிறாள். எனக்குப் போடுகிற மாலை நன்றாக இருக்க வேண்டுமாம். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒரு வாத்தியார் என் தோளைத் தட்டி, சூப்பர் சார் என்றார். என்னை யாரும் அதற்கு முன் சார் என்று கூப்பிட்டதில்லை. எழுந்து பாத்ரூமுக்குப் போனேன், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்தத் துண்டை எடுத்துவிடச் சொன்னேன். அந்தப் பெண் அன்றைக்கே எடுத்தாள். ஆனால் அது போனில் ஏறி, போனிலிருந்து வேனில் ஏறிவிட்டிருந்தது. ஆலங்காயம் வேனில் வருகிற பெண்கள் அக்காவிடமே காட்டியிருக்கிறார்கள், இது நீதானே என்று.

போஸ்டரைக் கிழிக்க நானேதான் போனேன். ஒட்டியபோது பசையை நன்றாகக் காய்ச்சியிருந்தேன், வரவில்லை. சுரண்டச் சுரண்ட மாலை போனது, விளக்கு போனது, என் வாயும் பல்லும் மட்டும் இளித்துக்கொண்டு சுவரிலேயே இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் இப்போதும் பார்க்கலாம். அக்கா வைத்துவிட்டுப் போன மாலை இரண்டு நாள் படியிலேயே கிடந்தது. சாவு மாலையைச் சாமிக்குப் போட முடியாது, குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. பாலாற்று மணலில் கொண்டுபோய் வைத்தேன். வேட்டி அலமாரியில் இருக்கிறது. கட்டவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

ஒரு மாதம் கழித்து ஆலங்காயம் போனேன். பஸ்ஸில் வழி நெடுக, எதுவும் பேசக் கூடாது, வாயைத் திறந்தால் ஜோக்கு வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே முறத்தில் எதையோ புடைக்கிற சத்தம் நின்றது.

“யாரு?”

“நான்தாங்க்கா.”

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு நாக்கின் நுனியில் மூன்று ஜோக்குகள் வந்து நின்றன. மூன்றையும் முழுங்கினேன். என் வாழ்நாளில் இப்படி முழுங்கியது அதுதான் முதல் தடவை.

“செத்தவங்களுக்கு நாங்க வருஷத்துல ஒரு நாள்தான் எல போடுவோம்” என்றாள் உள்ளேயிருந்து. “ஆடி அமாவாசைக்கு வா.”

முறம் மறுபடியும் புடைக்க ஆரம்பித்தது. திட்டினாளா கூப்பிட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை. என்னைவிட அவளுக்கு வாய் ஜாஸ்தி, சின்ன வயதிலேயே. சாத்திய கதவைப் பார்த்து, சரிக்கா என்றேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, காலண்டரில் ஆடி அமாவாசை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். அந்த எழுத்தும் எறும்பு மாதிரிதான் இருந்தது. எனக்கு இது படிக்கத் தெரியாதும்மா என்று அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தத் தேதியில் பெரிதாக ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாள்.