போகாதே என்று சொல்லாத ஆப்

கோட்டைப்பட்டினத்தில் கடலுக்குக் கிளம்புகிறவரிடம் "போகாதீங்க" என்று சொல்ல மாட்டோம். அபசகுனம். கணினி படித்த எனக்கும் அந்தப் பயம் உண்டு. படகுக்காரர்களுக்காக ஒரு ஆப் எழுதினேன். காற்று குறைவாக இருந்தால் "போய்ட்டு வாங்க" என்று வரும். பலமாக இருந்தால் ஒன்றுமே வராது. "போகாதீங்க" என்று டைப் செய்யக் கை வரவில்லை.

முதலில் அப்பாவின் போனில்தான் அதைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பேய்க்காற்று. அவரோ வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"போன்ல பாத்தீங்களாப்பா?"

"ஒண்ணும் வரல. நெட்டு இல்ல போல. போய்ட்டு வாரேன்."

"போகாதீங்கப்பா!" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா முறைத்தார், ஆனாலும் நின்றுவிட்டார்.

அங்கேயே உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். போகலாமா என்பதற்கு இனி அது எப்போதும் ஆம், இல்லை, தெரியவில்லை என்று ஏதாவது ஒரு பதிலைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும். பதில் "இல்லை" என்று வந்தால், திரையில் "இன்னைக்கு வலையச் சரிபண்ணுங்க" என்று காட்டும்.

பிறகு மற்ற படகுக்காரர்களின் போனிலும் அதை ஏற்றினேன். அடுத்த பலத்த காற்றில் ஒரு படகும் கரையை விட்டு நகரவில்லை. "எம்மக எழுதுனது" என்று அப்பா எல்லோரிடமும் போனைக் காட்டினார்.

அன்று கத்தியதற்கு அம்மா இன்னும் என்னைத் திட்டுகிறாள். திட்டட்டும். பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பா அதைக் கேட்டுச் சிரிக்கிறார்.