பூர்வீகம் என்ற இடத்தில் அண்ணன் எழுதச் சொன்னது

நினைவு மலரின் முதல் வரிக்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் எல்லோரும் சட்டத்தைப் போலவே அதைப் பின்பற்றுகிறார்கள். இன்ன ஊரைப் பூர்வீகமாகவும், இன்ன தோட்டத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன தெருவை வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று அச்சடித்தால்தான் இறந்தவர் முறைப்படி இறந்தவராகிறார். கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகங்களில் முப்பத்தைந்து வருடம் இலிகிதராக இருந்து, ஓர் இடம் வெறுமையாக இருந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்பிய நானே இதைச் சொல்கிறேன். என் அண்ணன் தமது கடைசி நான்கு ஆண்டுகளை அந்த வரியின் முதற் சொல்லுக்காகச் செலவிட்டார். அம்மாவின் பூர்வீகம் எது என்று தெரிய வேண்டும். ஊகம் கூடாது. உண்மை எதுவோ அதுதான் தமது மலரில் வர வேண்டும். இது அவர் எனக்கு இட்ட கட்டளை.

அண்ணன் பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் தங்கியது நாங்கள் இருவர். அப்பாவின் ஊர் எங்களுக்குத் தெரியும். திருச்சிக்கு வடக்கே ஒரு கிராமம். அங்கிருந்து கடிதம்கூட வந்துகொண்டிருந்தது, நாங்கள் காணியில் பங்கு கேட்டுவிடுவோமோ என்று அவர்கள் பயப்படத் தொடங்கும் வரை. அம்மா பக்கம்தான் ஒன்றுமில்லை. "எங்கம்மா அப்பா சின்னதுலயே செத்துட்டாங்க" என்பதற்கு மேல் அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அண்ணன் டிஸ்பென்சரியில் போத்தல் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, பரீட்சை எழுதி, மருந்துக்காரராகவே உயர்ந்தவர். மூன்று தோட்டங்களில் வேலை பார்த்தார். மழையில் ஆற்றைக் கடந்து பிரசவத்துக்குப் போனதும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து வரவில்லை என்று துரையின் பங்களா வாசலில் நாள் முழுக்க நின்றதும் அந்தத் தோட்டத்தார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். "எங்க வலிக்குதுன்னு கேட்டா கையக் காட்டுவாங்க. எப்படி வலிக்குதுன்னு கேட்டாத்தான் நோய் தெரியும்" என்பார். அதனால் நோயாளிகள் சொல்லும் சொற்களை அப்படியே ஒரு கொப்பியில் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு பதுளை டவுனில் குடியேறினார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சிங்களப் பாடசாலை அதிபர் ஒருவர். அண்ணன் அவரை "பிரின்சிபல்" என்பார், அவர் அண்ணனை "டொக்டர்" என்பார். இரண்டாவது ஓய்வூதியத்தில் இல்லாத பதவி. ஒரு நாள் அண்ணன் பழைய கொப்பிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சிங்கள நோயாளிகள் பல்லை 'தத' என்றார்கள். மருத்துவ நூல் பல் சம்பந்தப்பட்டதை 'டென்டல்' என்றது. மூக்கு அவர்களுக்கு 'நஹய', வெள்ளைக்காரனுக்கு 'நோஸ்'. பெயர் 'நம', அங்கே 'நேம்'. கதவு 'தொர', அங்கே 'டோர்'. நமது பல்லும் மூக்கும் கதவும் இந்தக் கூட்டத்தில் எதிலும் சேரவில்லை.

வெள்ளைக்காரன் விட்டுப்போன சொற்களாக இருக்கும் என்றேன் நான். "அவன் கப்பல் ஏறுறதுக்கு முந்தியே இங்க பல்லு இருந்திச்சுடா, கந்தோரு" என்றார். என்னை அவர் அழைத்த பெயர் அது.

பிரின்சிபலிடம் கேட்டபோது அவர் மார்பை நிமிர்த்தினார். சிங்களம், ஹிந்தி, பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் ஒரே மூலமொழியின் பிள்ளைகள் என்று விளக்கினார்.

"அப்ப நாங்களும் இங்கிலீஷ்காரனும் சொந்தம் தானே, டொக்டர்."

"சொந்தம்னா உங்க காணியெல்லாம் புடுங்கிட்டு எங்களக் கொண்டாந்து தேயிலை நட்டிருப்பானா?"

"சொந்தக்காரன் தானே முதல்ல புடுங்குறது" என்றார் பிரின்சிபல்.

அன்றிலிருந்து அண்ணன் இதைப் பற்றிப் படிக்காத நாள் இல்லை. நூலகத்தில் எடுத்தார், பேரப்பிள்ளைகளின் போனில் தேடச் சொன்னார், கேட்டதையெல்லாம் என்னிடம் வந்து சொன்னார். துருக்கி மண்ணுக்கடியில் களிமண் பலகைகளில் ஒரு கிளைமொழி கிடைத்ததாம். சீனாவின் மேற்குப் பாலைவனத்து ஏடுகளில் இன்னொன்று கிடைத்ததாம், அதைப் பேசியவர்களின் சந்ததி யார் என்று இன்று யாருக்கும் தெரியாதாம். ஆனால் மூலமொழியைப் பேசியவர்கள் மட்டும் ஒரு கல்வெட்டு, ஒரு பானை எழுத்துகூட விட்டுப்போகவில்லை. அப்படி ஒரு மொழி இருந்தது என்பதே பிள்ளைகளின் பேச்சை ஒப்பிட்டுக் கண்டதுதான்.

எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எழுத்து மூலம் எதுவும் இல்லாமல், கிராம சேவகரின் உறுதிக் கடிதம்கூட இல்லாமல், ஐயாயிரம் ஆறாயிரம் வருடத்துக்கு முந்தியவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று எப்படி ஏற்றுக்கொள்வது? இங்கே பிறந்து இங்கேயே செத்த நம் ஆட்களிடம் எத்தனை அத்தாட்சி கேட்டோம்?

அண்ணன் பொறுமையாக விளக்கினார். பிள்ளைமொழிகள் எல்லாவற்றிலும் ஒத்துவரும் சொற்களை எடுத்துக்கொள்கிறார்கள். குதிரை, சக்கரம், நுகத்தடி, தேன், பனி, ஓநாய். இவற்றுக்கெல்லாம் பொதுவான சொல் இருக்கிறது. யானைக்கு இல்லை, புலிக்கு இல்லை, நெல்லுக்கு இல்லை. ஆகவே அவர்கள் பனி விழும் இடத்தில் வாழ்ந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள். கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளி என்று பலர் சொல்கிறார்கள். துருக்கிப் பக்கம்தான் என்று வேறு சிலர் இன்னும் வாதாடுகிறார்கள்.

"பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது. ஆனா அவங்க வீட்டுல தேன் இருந்துச்சு, வாசல்ல ஓநாய் வந்துச்சுன்னு தெரியும். எவ்வளவு பெரிய விஷயம்டா இது" என்றார். அவர் முகம் அப்போது இருந்த விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. அதே வழியில் அம்மாவின் ஊரைக் கண்டுபிடித்தால் என்ன?

அம்மா பேசிய சொற்களில் நினைவில் நின்றவற்றையெல்லாம் எழுதினார். லயத்தில் எல்லோரும் பேசுவதைக் கழித்தார். அப்பாவிடமிருந்து வந்ததைக் கழித்தார். மீதி கொஞ்சம் நின்றது. நாங்கள் அழுதால் அம்மா, "கண்மாய் ஒடைஞ்ச மாதிரி என்னத்துக்கு அழுகுற" என்பார். எங்கள் மலையில் கண்மாய் ஏது? கமலை என்பார். எருது கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையை அம்மா ஒரு நாளும் பார்த்திருக்க முடியாது. பனைக்கு மட்டை, பாளை, குருத்து என்று ஏழெட்டுச் சொல் வைத்திருந்தார். ஸ்பிரிங்வெளியில் பனை இல்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் மட்டும் விசேஷமான சொல் எதுவும் இல்லை.

"வறண்ட பூமி. கண்மாய்த் தண்ணி. பனங்காடு. மதுரைக்குத் தெக்கே, சிவகங்கைப் பக்கம்" என்று தீர்ப்பளித்தார் அண்ணன்.

அதோடு நிற்கவில்லை. அம்மாவின் பழைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதியைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். பெற்றோர் பிறந்த ஊர் என்ற இடத்தில் சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயர் இருந்தது.

"பேச்சும் காயிதமும் ஒண்ணையே சொல்லுது பாத்தியா. இப்ப என்ன சொல்ற, கந்தோரு?"

அந்தப் பிரதியில் இருந்த கையெழுத்து என்னுடையது. அப்போது எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம். அம்மாவோடு வரிசையில் நின்று விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்தான். பெற்றோர் பிறந்த ஊர் எது என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும் சாமி" என்றார் அம்மா. தெரியாது என்று எழுதினால் படிவம் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியும். முன்னால் நின்றவருடைய படிவத்தை எட்டிப் பார்த்து, அவருடைய ஊரையே எழுதினேன்.

இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உறுதிப்படுத்த ஒரே ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அம்மா இளமையில் இருந்த லயத்தில் அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறையில், வளர்ந்தவர் என்று நாங்கள் எண்ணியிருந்தவர், அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். அவரைச் சின்னம்மா என்போம். லயத்தில் எல்லோரையும் முறைவைத்துத்தானே கூப்பிடுவோம் என்று நினைத்திருந்தோம். சின்னம்மா வெலிமடையில், உருளைக்கிழங்கு பயிரிடும் மகள் வீட்டில் இருந்தார். அண்ணனும் நானும் காலை பஸ்ஸில் போனோம். அண்ணன் வழி நெடுக அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சின்னம்மா வெயிலில் உட்கார்ந்து லீக்ஸ் தாள்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அண்ணன் கொப்பியை வாசித்தார். கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"இதெல்லாம் எங்க ஆத்தா பேச்சுப்பா. எங்க ஆத்தா சிவகங்கைக்காரி. உங்கம்மாவுக்கு இந்தப் பேச்சு ஏது?"

"அம்மா எங்கேருந்து புடிச்சாங்க அப்ப?"

"எங்க ஆத்தாகிட்டத்தான். அவதானப்பா உங்கம்மாவ வளத்தா. அக்காவுக்கு நாலு வயசுல தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சல்ல போயிட்டாங்க. ஆத்தா அஞ்சாம் காம்பராவுக்குத் தூக்கிட்டு வந்துட்டா. நான் பொறக்குறதுக்கு முந்தி. தாயில்லாப் புள்ளன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. அதான் நானும் சொல்லல."

அண்ணன் கொப்பியை மூடினார். "அம்மாவப் பெத்தவங்க எந்த ஊரு, சின்னம்மா?"

"யாருக்குத் தெரியும். வந்த புதுசுல உங்கம்மா பேசுனது ஒருத்தருக்கும் வெளங்கலையாம். தெலுங்கா கன்னடமான்னு ஆத்தாவுக்கே தெரியல. ஒரு வாரம் பேசிச்சாம். பதில் சொல்ல ஆளில்ல. அப்புறம் வாய மூடிக்கிச்சாம். ஒரு மாசம் கழிச்சு எங்க பேச்சுல கஞ்சி கேட்டுச்சாம்."

"ஒரு வார்த்தை, சின்னம்மா. ஒரே ஒரு வார்த்தை. உங்க ஆத்தா சொல்லியிருப்பாங்க. அம்மா அப்ப என்ன சொல்லுவாங்க, தண்ணிக்கு, சோத்துக்கு?"

சின்னம்மா கையிலிருந்த லீக்ஸைக் கீழே வைத்தார். "இல்லப்பா. ஒண்ணும் இல்ல" என்றார்.

திரும்பும் பஸ் எட்டம்பிட்டிய ஊரைத் தாண்டியது. பிறகு நானே படிவத்தைப் பற்றிச் சொன்னேன். வரிசை, முன்னால் நின்றவர், எட்டிப் பார்த்தது எல்லாம். ஜன்னலைப் பார்த்தபடியே அண்ணன் கேட்டார்.

"முன்னால நின்னவன் யாருடா?"

"தெரியாதுண்ணே."

"அவனுக்காவது அது சொந்த ஊரா, இல்ல அவனும் முன்னால எட்டிப் பாத்தானா?"

சிரிக்கிறாரா என்று நான் பயந்து பயந்து பார்த்தேன். சிரித்தார்தான். ஆனால் அடுத்த ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது நியாயம்.

அந்த வாரத்தில் அவர் பேசியது பிரின்சிபலோடு. எல்லாவற்றையும் கேட்ட பிரின்சிபல், தாமும் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாராம். அவருடைய அம்மாவின் ஆட்கள் மஹியங்கனைக் காட்டு வேடுவர்கள். வட இந்தியாவிலிருந்து வந்தது சிங்களப் பாஷைதான், அவர்கள் அல்ல. அவர்கள் அதற்கு முன்பே, குதிரையும் சக்கரமும் இல்லாத காலத்திலிருந்தே இங்கே இருந்தவர்கள். "பாஷை வேற ரோட்டுல வரும், டொக்டர். ஆள் வேற ரோட்டுல வரும். ரெண்டும் ஒரு வீட்டுல நிக்கும்" என்றாராம். அண்ணன் இதை எனக்குச் சொல்ல வந்தபோதுதான் எங்கள் பேச்சு மறுபடி தொடங்கியது. தமது முறையில் பிழையே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. சொற்கள் சரியான ஊரைத்தான் காட்டின, ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டோம் என்றார். அம்மாவின் முதல் மொழி எது என்ற கேள்வியை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. பாலைவனத்து ஏடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அதுக்காவது ஏடு இருக்கு" என்பார்.

நுரையீரல் நோய் முற்றி வார்டில் இருந்த நாட்களில் முதல் வரியை என்னிடம் எழுதச் சொன்னார். தந்தை வழியில் திருச்சிக்கு வடக்கேயுள்ள கிராமம். தாய் வழியில், பத்தாம் நம்பர் லயம், ஐந்தாம் காம்பரா.

அவருடைய மூத்த மகன் தயங்கினான். "அப்பா, ஆளுங்க சிரிப்பாங்க."

"நான் செத்தப்புறம் நாலு பேரு சிரிச்சா நல்லதுதானடா."

பூர்வீகம் என்ற இடத்தில் ஊரின் பெயர்தான் வர வேண்டும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். பழக்கதோஷம். "நீ எழுதின ஊர விட இது உண்மை" என்றார். இந்த மலரின் அட்டையில் அப்படியே அச்சாகியிருக்கிறது. அதை எழுதிப் பத்து நாள் கழித்து, வார்டிலிருந்து திரும்பி, அண்ணன் வீட்டிலேயே, அண்ணி கையால் தேநீர் குடித்துவிட்டுக் கண்மூடினார்.

அந்த நாட்களில் இரவு பகல் பாராமல் பணிவிடை செய்த அண்ணிக்கும், வார்டில் பராமரித்த தாதிமாருக்கும், மூன்று தோட்டங்களிலிருந்தும் லொறி பிடித்து வந்த மக்களுக்கும், தமது வீட்டு முற்றத்தையே பந்தலுக்குத் தந்து, பாடையை முதலில் தோள் கொடுத்துத் தூக்கிய பிரின்சிபல் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

சின்னம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி வேறு. இழவு வீட்டில் கோடித் துணிகளை யார் யார் எந்த வரிசையில் போடுவது என்பதை எங்கள் குடும்பத்தில் நானே ஒழுங்கு செய்வேன். சடங்கு செய்பவர், "தாய் வழிக் கோடி யாரு?" என்று கேட்டார். அப்பா, அம்மா சாவுகளில் அம்மாவின் பக்கம் யாரும் இல்லை என்று அடுத்ததற்குப் போகச் சொன்னவன் நான். அன்று சின்னம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் வந்தார். கையில் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி.

"நாங்கதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அக்காவுக்கும் கொண்டாந்தேன் தம்பி. நீ அத அயலார் துணியோட சேத்து வச்ச."

நான் வேட்டியை வாங்கி, எல்லாத் துணிக்கும் முதலாவதாக அண்ணன் மேல் போர்த்தினேன்.