முன் டயருக்கடியில் ஒரு சாமி

வீட்டு வாசலில் பழைய கார் ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் கையில் கிரீஸும் வாயில் ஒரு பொய்யும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். "இன்னும் ஒரே ஒரு நட்டுதான் பாக்கி" என்பதுதான் அந்தப் பொய். இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டுக்காரி உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தால் நீங்களும் நம்ம ஆள்தான். வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

நான் கொட்டகலையில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறேன். அது வயிற்றுப் பிழைப்பு. கார் ரிப்பேர் என்பது, என் மனைவி செல்வியின் கணிப்பில், கிரகக் கோளாறு.

கோழியோடு வந்த கார்

திம்புள்ளப் பக்கம் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரின் மாட்டுக் கொட்டகையில் அந்தக் கார் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கார். கதவுகள் நான்கு, திறப்பது ஒன்று. பார்த்த உடனே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. லொறியில் ஏற்றி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கினேன்.

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்ல வேண்டுமே! அவளுடைய அம்மா வீடு வலப்பனையில். பஸ் மாறி பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டுதான் போவாள். போதாக்குறைக்கு, எங்கள் கல்யாணத்தன்று அவளுடைய சின்னம்மா, "த்ரீவீல்காரனுக்கா குடுத்தீங்க?" என்று பந்தலில் வைத்தே கேட்டிருந்தார். அது செல்விக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான். "இந்தத் தீபாவளிக்கு உன்ன ஒங்க அம்மா வாசல்ல கார்லயே கொண்டுபோய் எறக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் அந்த நிமிஷமே அம்மாவுக்குப் போன் போட்டு, "தீபாவளிக்குக் கார்ல வர்றோம்" என்று அறிவித்துவிட்டாள். போனை வைத்துவிட்டு என்னிடம், தீபாவளிக்கு ஓடாவிட்டால் மறுநாளே ஹனிபா நானாவின் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்றாள். வலப்பனைக்குச் சேதி போய்விட்டது. இனிப் பின்வாங்க வழியில்லை.

அப்போதுதான் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். கணக்கப்பிள்ளை வீட்டுக் கோழி, முட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. செல்வி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காரு ஓடுதோ இல்லியோ, கோழி அடையில இருக்குங்க. இதாவது பொரிக்கும்."

கல்யாணப் பத்திரிகை

எஞ்சினில் இரண்டு இரும்புகள் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க நடுவே ஓர் அட்டை வைப்பார்கள், கேஸ்கட் என்று. இந்தக் காருக்கு அது கொழும்பு வரை தேடியும் கிடைக்கவில்லை. நாமே வெட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் நல்ல தடிப்பான அட்டை வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன். அலமாரிக்கு மேலே, கெட்டி அட்டையில், தங்க எழுத்துப் போட்டு, அளவெடுத்துச் செய்தது போல ஒன்று இருந்தது. வெட்டினேன், பூட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை!

அது ஹனிபா நானாவின் மகள் கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் என்றைக்கு என்ற விவரம் எஞ்சினுக்குள் போய்விட்டது. செல்வி என்னைக் கேட்டாள், நான் செல்வியைக் கேட்டேன், அதற்குள் பிரியாணி முடிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனபோது உண்மையையே சொல்லிவிட்டேன். நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு சொன்னார்: "பரவால்ல தம்பி. ஆனா அந்தக் காரு என் கடைக்கு வார நாள்ல, பத்திரிகைய மட்டும் கழட்டி எடுத்துட்டு வாங்க. மகளுக்குக் காட்டணும்."

சமதரை

மலைநாட்டில் செல்ஃப் ஸ்டார்ட்டர் இல்லாத கார் ஓட்டுவது ஒரு கஷ்டமே இல்லை. எங்கே நிறுத்தினாலும் சரிவுதான். பிரேக்கை விட்டால் உருளும், கியரைப் போட்டால் கிளம்பும். என் கெட்ட நேரம், முதன்முதலாக ஹட்டனுக்கு ஓட்டிப் போன அன்று, தேடினாலும் கிடைக்காத சமதரை ஒன்றில், சந்தியின் நட்டநடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் பஸ், அதன் பின்னால் தேயிலைக் கொழுந்து லொறி, எல்லாம் சேர்ந்து நாதஸ்வரக் கச்சேரி.

போக்குவரத்துப் பொலிஸ்காரர் வந்தார். தண்டம் எழுதுவார் என்று நினைத்து நான் பத்திரங்களைத் தேட, அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்துவிட்டார்! பஸ் கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். கார் உறுமியது, கறுப்புப் புகை முழுவதும் அவருடைய சட்டையில். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் இருமிக்கொண்டே சிங்களத்தில், என்னைத் தம்பி முறை வைத்துச் சொன்னார்: "மல்லி, அடுத்த தடவ இந்தப் பக்கம் வாரதுன்னா முன்கூட்டியே சொல்லுங்க. நான் லீவு போட்டுர்றேன்."

ரோதைமுனி

மற்றதெல்லாம் சரியானாலும் ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்கவே இல்லை. அதனால் வாசல் சரிவில் முன் டயருக்கு முன்னால் ஒரு கல் வைத்திருந்தேன். ஓடைக்கல், உருண்டையாக, தூக்க இரண்டு கை வேண்டும். காருக்கு நேர் கீழே இருப்பது மாரியாயி அக்காவின் வீட்டுக் கூரை. அக்கா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வெளியே வந்தால் முதலில் காரைப் பார்ப்பார், பிறகுதான் சூரியனை.

தீபாவளிக்கு முந்திய வாரம் பேய்மழை. வாசல் மண் கரைந்து கார் வழுக்கியது. நான் அலறிக்கொண்டு ஓடினேன். கார் அந்தக் கல்லில் முட்டி, ஒரு குலுக்கு குலுக்கி, நின்றுவிட்டது. அக்கா வீட்டுக் கூரையில் ஓர் ஓடுகூட உடையவில்லை. என் உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திப் பூ சாத்தியிருந்தது! ஃபெக்டரியில் எந்திரங்களுக்குக் காவல் ரோதைமுனி சாமி; ரோதை என்றால் சக்கரம். வருஷா வருஷம் பூசை போடாமல் அங்கே ஒரு சக்கரம் சுற்றாது. அந்த ரோதைமுனிதான் இந்தக் கல்லில் வந்து நின்றார் என்று அக்கா சொல்லிவிட்டார். லயமே கூடிக் கற்பூரம் காட்டியது. ஸ்டாண்டில் என்னோடு ஓட்டுகிறவர்கள்கூட வந்து எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கார் தயார். பின்னால் மண்மேடு, முன்னால் சாமி. சாமியை நகர்த்தாமல் கார் நகராது. வலப்பனையில் அத்தை பலகாரம் சுட ஆரம்பித்துவிட்டார். நானா வேறு வந்து, "லொறி அனுப்பவா தம்பி?" என்று விசாரித்துவிட்டுப் போனார். செல்வி பஸ்ஸுக்கு எடுத்துப் போகும் பையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதைப் பார்த்ததும் வெட்கத்தை விட்டு மாரியாயி அக்காவிடம் போய் நின்றேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை காக்க வைத்துவிட்டுச் சொன்னார்: "எந்திரம் போற எடத்துக்குத்தான் ரோதைமுனியும் போவாரு. அவரு வர மாட்டேன்னா சொன்னாரு? முன்சீட்டுல வச்சுக் கூட்டிக்கிட்டுப் போங்க தம்பி."

வலப்பனை வாசல்

தீபாவளியன்று சாமி புதுத் துண்டு கட்டி முன்சீட்டில். செல்வி புதுச் சேலை கட்டிப் பின்சீட்டில். லயமே தள்ளிவிட்டது. நுவரெலியா ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தும் இடமெல்லாம் செல்வி முதலில் குதித்து, சாமியைத் தூக்கி டயருக்குக் கொடுத்து, "மன்னிச்சுக்கங்க சாமி" என்பாள். தண்ணீர் ஊற்றி முடிந்ததும் மறுபடி தூக்கிச் சீட்டில் வைப்பாள். ராகலை தாண்டியதும் இறக்கம். குளிர்காற்று, எஞ்சின் பாட்டு, பின்னால் செல்வியின் சிரிப்பு. ஒரு தடவைகூட அவளுக்கு வாந்தி வரவில்லை. அரசனாக இருந்தேன்.

அத்தை வீட்டு லயம் கண்ணுக்குத் தெரிகிற கடைசி ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. மேலே எல்லாரும் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். சின்னம்மாவும்தான். திரும்பிச் செல்வியின் முகத்தைப் பார்க்கக்கூடத் தைரியமில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் இறங்கினாள், சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினாள், பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தாள்!

அதைக் கண்டதும் மேலே இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். பட்டாசைப் போட்டுவிட்டு வந்தவர்கள், முறுக்கும் கையுமாக வந்தவர்கள், எல்லாருக்கும் முன்னால் சின்னம்மா. "என்னா கனம்டி இது!" என்று கத்திக்கொண்டு அவரும் தோளைக் கொடுத்தார். ஊரே கூடித் தள்ளி, அத்தை வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது. செல்வி மூச்சு வாங்க, சாமியை இறக்கி டயருக்கடியில் வைத்தாள்.

அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். மகளுடைய சேலையில் கிரீஸ், கன்னத்தில் கரி. "கார்ல வர்றேன்னு சொன்ன. கார தள்ளிக்கிட்டில்ல வந்திருக்க?" என்றார். செல்வி என்னைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பஸ்ஸுல வந்திருந்தா என்னைய கூட்டிட்டு வர இம்புட்டுப் பேரு எறங்கி வந்திருப்பாங்களாம்மா?"

ஆகவே, என்னோடு அவதிப்படும் அன்பர்களே, ஹேண்ட் பிரேக் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, தள்ளுவதற்கு ஊரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.