மிலிட்டரி பிரிண்ட் சட்டை

அவிநாசி பக்கம் இருந்த இலங்கை அகதிகள் முகாமுக்கு, எங்கள் பனியன் கம்பெனியின் ரிஜெக்ட் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஆபீசில் வேலை செய்த நாங்கள் ஐந்தாறு பேர்தான் அந்தக் குழு. சைஸ் பார்த்துப் பிரிப்பது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். லேபிளில் இருந்த ஆங்கிலத்தை யாரிடமும் கேட்காமல் படிக்க முடிந்ததில் எனக்குக் கர்வம் உண்டு.

ஒரு சனிக்கிழமை பத்துச் சட்டைகளை பாலிதீன் கவரோடு கொடுத்துவிட்டு வந்தேன். மடிப்பில் தெரிந்த முன்பக்கம் வெறும் பச்சை. நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனபோது, முகாமில் எனக்குப் பழக்கமான அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்தார்.

"என்ன தங்கச்சி, இப்படிச் செய்துபோட்டீங்கள்? முதுகு, கை எல்லாம் ஆமிக்காரன்ர உடுப்பு மாதிரி."

இலங்கையில் போர் உச்சத்தில் இருந்த நேரம். இங்கே முகாமில் தலை எண்ணும் சோதனை அடிக்கடி நடந்தது. புலியோ என்று சந்தேகப்பட்டு ஒருவரைக் கொண்டுபோனால் வேறெங்கோ அடைத்துவிடுவார்கள். எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது.

"ஒன்பது சட்டையும் அடுப்புக்குள்ள போயிட்டுது. மிச்சம் ஒண்டு. அது இவற்ற உடம்பில."

அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், பெயின்ட் வேலைக்குப் போகிறவர். அழுக்கானால் பரவாயில்லை என்று விடியுமுன் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

பழைய சட்டை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினோம். அவர் முகாம் வாசலை அடைவதற்குள் சட்டையை மாற்றிவிட வேண்டும். ஆனால் அங்கிருந்த டீக்கடை பெஞ்சில், முகாமைக் கவனிக்கும் போலீஸ்காரர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். எழுந்து போய்விட மாட்டாரா என்று அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு வடை கேட்டார்.

பஸ் வந்தது. பச்சையும் பழுப்புமாக இறங்கிய அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, பூமாலை ஒண்டும் கொண்டுவரேல்லையோ?"

"ஏப்பா, இங்க வா," என்றார் போலீஸ்காரர். "எந்தப் படையில சேர்ந்திருக்க?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. அக்கா முந்திக்கொண்டார். "நான் வாங்கினது சார். ரோட்டோரக் கடையில."

"எந்தக் கடை? ஜீப்ப வரச் சொல்றேன். ரெண்டு பேரும் வந்து காட்டுங்க."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் என் பெயர் வெளியே வந்திருக்காது. இருக்கத்தான் நினைத்தேன். போலீஸ்காரர் செல்போனை எடுத்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"நானுங்க... நான்தானுங்க குடுத்தேன். கம்பெனி ரிஜெக்டுங்க."

"படிச்ச புள்ளையாட்ட இருக்கற. ஆருக்கு எதக் குடுக்கறதுன்னு தெரியாதா அம்மிணி?"

போலீஸ்காரர் கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி என் முன்னால் வைத்தார். நடந்ததை எழுதி, கம்பெனி பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாம் எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக ஒருநாளும் இருந்ததில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அண்ணனின் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "போ" என்றார்.

பழைய சட்டைக்குப் பொத்தான் போட்டபடி அண்ணன் சொன்னார்: "இனி ஜீப் சத்தம் கேட்டா நீங்களும் எங்களை மாதிரி எழும்பிப் பாப்பியள், தங்கச்சி."

"சும்மா இருங்கோ," என்று அக்கா அவரை அதட்டினார். "அடுத்த கிழமையும் வருவீங்கள்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

வருவேன் என்றேன்.

அந்த வாரம் எங்கள் வீதியில் எந்த வண்டி நின்றாலும் நான் ஜன்னலுக்குப் போனேன். "ஆரு கண்ணு வாராங்க?" என்று அம்மா கேட்டார். ஆருமில்லீங்கம்மா என்றேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் முகாமுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை.