ஓட்டை அடைக்கிற வீடு

எங்கள் அக்காவும் அத்தானும் பார்ப்பது ஒரே தொழில் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அவள் துணியில் விழுந்த ஓட்டையை அடைக்கிறாள், அவர் வீட்டில் விழுந்த ஓட்டையை அடைக்கிறார். "ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தா எறும்பு கூட உள்ள போக முடியாது" என்பார் எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்க்காரர்.

அக்காவின் வேலைக்கு டார்னிங் என்று பெயர். சிகரெட் சுட்ட கோட்டு, பூச்சி அரித்த கம்பளி, ஆணியில் மாட்டிக் கிழிந்த கால்சட்டை எல்லாம் அவளிடம் வரும். அதே துணியின் உள்மடிப்பிலிருந்து இழைகளை உருவி, கிழிந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, அங்கே ஓட்டை இருந்த சுவடே தெரியாமல் செய்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது. அந்தக் கடையின் முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால்தான் அப்போது அவளுடைய நாற்காலி. தெருவில் போகிறவர்களின் முழங்கையைப் பார்த்தே ஆள் இன்னார் என்பாள். முகமெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

அத்தான், வீடு வீடாகவும் பட்டறை பட்டறையாகவும் போய், மின்சாரமும் சூடும் எங்கே வீணாகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கதவோரம் பிடிப்பார். சுடர் ஆடினால் அந்த வழியாகக் காற்று நுழைகிறது என்று அர்த்தம். அங்கே ரப்பர் பட்டை ஒட்டச் சொல்வார். குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடச் சொல்வார். அறை முழுவதையும் சூடாக்காதீர்கள், ஆள் உட்காரும் இடத்தைச் சூடாக்குங்கள் என்பார். சந்தேகப்படுகிறவர்களை, "என் வீட்டுக்கு ஒரு நடை வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஆக, அக்கா குடியிருப்பது வீட்டில் மட்டுமல்ல, அவருடைய விளம்பரத்திலும்தான்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, குளிர் தொடங்குகிற நேரத்தில் நான் அவர்களுடைய மலையூரில் போய் இறங்கினேன். நுழைந்ததும் எனக்குப் பின்னால் கதவு சப்பென்று ஒட்டிக்கொண்டது. டப்பா மூடுகிற சத்தம்.

"வா வா. கதவை மூடு, சூடு போகுது" என்றார் அத்தான். மூடிய கதவைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாடி அறைகளைக் குளிர்காலத்துக்காகப் பூட்டிவிட்டார்கள். சூடு கூடத்தில் மட்டும். சாப்பாடு, படுக்கை, சண்டை எல்லாமே அங்கேதான். சண்டையைக்கூட அடங்கிய குரலில்தான் போட வேண்டும். கோபித்துக்கொண்டு போக வேறு சூடான அறை கிடையாது. அக்காவின் மாமியாருக்கு மட்டும் இது சொர்க்கம். சுவரில் மாட்டிய ஹீட்டர் தகட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இங்க பாரு, முட்டி மடங்குது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் மடக்கிக் காட்டுவார்.

கூடத்தை ஒட்டிய சிறிய அறை அக்காவின் பட்டறை. தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று அதில் இருந்தது. அதன்மேல் தெர்மாகோல் பலகையை அடித்து வெள்ளை பூசியிருந்தார் அத்தான். தட்டிப் பார்த்தால்தான் சுவர் இல்லை என்று தெரியும்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது விளக்கு பட்டென்று அணைந்தது. அக்கா பேச்சை நிறுத்தாமல் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை ஆட்டினாள். விளக்கு எரிந்தது. கை கீழே இறங்கி வேலையைத் தொடர்ந்தது.

"என்னக்கா இது?"

"ஆள் இல்லன்னு நெனச்சுக்குது."

"நீ இருக்கியே."

"நான் அசையலையே."

ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணைகிற சென்சார் விளக்கு அது. நடைபாதைக்கும் கிடங்குக்கும் அருமையான சாமான். ஒரு தச்சுப் பட்டறையில் மாட்டி அத்தான் நல்ல பெயர் வாங்கியிருந்தார். தச்சர்கள் இழைத்தும் அறுத்தும் ஆடிக்கொண்டே இருப்பவர்கள். அதே விளக்கை, நாளெல்லாம் விரல்நுனி மட்டுமே அசைகிற ஒருத்தியின் தலைக்கு மேலும் மாட்டிவிட்டார்.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "கையைத் தூக்கி இறக்கினா தோளுக்கு நல்லதும்மா" என்றார் அத்தான், நிஜமான அக்கறையோடு.

"என் பிள்ளை வச்ச விளக்கு. மருமக ஒரு கும்பிடு போட்டா ஒண்ணும் கொறஞ்சுட மாட்டா" என்றார் மாமியார்.

பாத்திரம் கழுவும்போது அக்காவைப் பிடித்தேன். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டால் என்ன?

"கேட்டேன்டி. ஏன்னு கேட்டார். நூல் நிறம் பாக்கணும்னேன். மறுநாளே இன்னும் பளிச்சுன்னு ஒரு பல்பு வாங்கிட்டு வந்துட்டார். அவர் செஞ்சதுல எதைத் தப்புன்னு சொல்றது? ஜன்னலை அடைச்சார், அத்தைக்கு முட்டி சரியாச்சு. மாடியைப் பூட்டினார், கரண்ட் பில்லு இறங்குச்சு. ஒவ்வொண்ணும் சரி. எல்லாத்தையும் சேத்து வச்சா நான் உள்ள இருக்கேன்."

கையைத் துடைத்துக்கொண்டு அவள் தன் அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கே விளக்கு அணைந்து எரிந்தது.

பாட்டு வாத்தியாரின் கறுப்புக் கோட்டு வந்தது அந்த நாட்களில்தான். மேடையில் போடுகிற கோட்டு. வலது கை மணிக்கட்டருகே பூச்சி அரித்திருந்தது. ஏற்கெனவே யாரோ பிரித்துப் பெரிதாக்கித் தைத்திருந்ததால் உள்மடிப்பில் உருவ இழை மிச்சமில்லை. அக்கா தன் நூல்பெட்டியிலிருந்து கறுப்பு எடுத்துக் கோத்தாள். முடித்ததும் என்னிடம் நீட்டி, "எங்கன்னு காட்டு" என்றாள். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

வாத்தியார் போட்டுக்கொண்டு போனார். சில நாட்களில் திரும்பி வந்தார். உள்ளே வரவில்லை. "அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று சொல்லி, வெயிலில் கையை நீட்டினார்.

கறுப்புக் கோட்டின் மணிக்கட்டில் கருநீலத்தில் ஒரு தீவு.

"பகல் கச்சேரி, திறந்த மேடை. முன்வரிசையில ஒரு பாப்பா, 'தாத்தா, உங்க கையில மை கொட்டியிருக்கு'ன்னுச்சு. அதுக்கப்புறம் எவன் பாட்டைக் கேட்டான்? எல்லாரும் கையையே பாக்குறாங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அவள் செய்த வேலை திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போய் நூல்பெட்டியைத் தூக்கிவந்து வாசற்படியில் கொட்டினாள். கறுப்பு என்று அவள் சேர்த்து வைத்திருந்த நூல்கண்டுகளில் பாதி நீலம். அந்த விளக்குக்கு இரண்டும் ஒன்று. அந்த அறையில் உட்கார்ந்து, கருநீலத்தைக் கறுப்பில் போட்டுப் போட்டு அடுக்கியிருந்தாள்.

"இன்னும் எத்தனை பேர் சொல்லாம போட்டுட்டுத் திரியறாங்களோ" என்றாள். குளிரில் நீலத்தைத் தனியே பொறுக்கிக்கொண்டே தெருவில் போகிற கோட்டுகளைப் பார்த்தாள். முழங்கைகளைப் பார்த்து ஆளைச் சொன்னவள், இப்போது அவற்றைப் பார்க்கவே பயந்தாள்.

அன்று மாலை அத்தானிடம் நேராகக் கேட்டாள். "எனக்கு அந்த ஜன்னல் வேணும். இல்லன்னா இந்தத் தொழிலை விட்டுடறேன்."

"பாக்கலாம்மா. அச்சகக்காரர் நம்ம வீட்டைப் பாக்க வர்றார். பெரிய இடம். அவர் வந்துட்டுப் போகட்டும்."

அச்சகக்காரர் மனைவியோடு வந்தார். அத்தான் மெழுகுவர்த்தியோடு முன்னால் போனார். ஆடாத சுடரைக் காட்டினார், அம்மாவின் முட்டியைக் காட்டினார், கடைசியில் பட்டறைக்குள் கூட்டிவந்து சென்சார் விளக்கை விளக்கத் தொடங்கினார். அக்கா தலை நிமிராமல் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் பாதிப் பேச்சில் இருக்கும்போது விளக்கு அணைந்தது.

நான் கைக்காகக் காத்திருந்தேன். கை எழவில்லை.

ஜன்னலில்லாத அறையின் இருட்டு எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. "இதுதாங்க விசேஷம்" என்றார் அத்தான் இருட்டுக்குள்ளிருந்து. "ஆள் இல்லன்னா அதுவா அணைஞ்சுடும்."

"ஆள் இருக்காங்களே" என்றது அச்சகக்காரர் மனைவியின் குரல்.

"கையைத் தூக்கும்மா."

"வேலை நடுவுல இருக்கேன்" என்றாள் அக்கா.

அத்தான் கதவருகே நின்று தன் கையை ஆட்டினார். சென்சார் நாற்காலியை மட்டும் பார்க்கும்படி அவரே திருப்பி வைத்திருந்ததால் அவரை அது மதிக்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து மேசையில் இடித்துக்கொண்டார். அப்புறம்தான் வெளிச்சம் வந்தது. விருந்தாளிகள் மரியாதையாக, "யோசிச்சுச் சொல்றோம்" என்று விடைபெற்றார்கள்.

அவர் கத்தவில்லை. மறுநாள் ஏணி போட்டுச் சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண சுவிட்சை மாட்டினார். "இனிமே நீயே போட்டுக்க, நீயே அணைச்சுக்க." பெரிய ராஜ்யத்தைக் கொடுத்த மாதிரி முகம். ஜன்னலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதைத் தொட்டா அத்தனை சூடும் வெளிய போயிடும்" என்றார்.

அதற்குமேல் அக்கா கேட்கவே இல்லை. ஒரு முக்காலியைத் தூக்கி வாசற்படியில் போட்டாள். ஒவ்வொரு துணிக்கும், நூல் எடுக்கும்போதும் கோத்து முடிக்கும்போதும், கதவைத் திறந்துவைத்து அங்கே போய் உட்கார்ந்தாள். குளிர் கூடத்துக்குள் தாராளமாக வந்து உட்கார்ந்தது.

"ஏண்டிம்மா, நூலோட நிறத்தைப் பாக்குறியா, என் சாவைப் பாக்குறியா?" என்றார் மாமியார், முட்டியைத் தேய்த்துக்கொண்டு.

"இதோ அத்தை, ஒரு இழைதான்."

அந்த ஒரு இழை முடியவே இல்லை. ஒருநாள் அத்தான் வெளியிலிருந்து வந்தவர் அவளைத் தாண்டி உள்ளே போய், பழக்க தோஷத்தில் கூடத்தின் நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றினார். சுடர் ஆடவில்லை. அணைந்தே போனது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. மனிதர்கள் சொன்னால் அவருக்குப் புரியாது. சுடர் சொன்னால் புரியும்.

பிறகு இரட்டைக் கண்ணாடி வந்தது. தெர்மாகோலை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே காற்றை அடைத்த அந்தச் சட்டத்தை அத்தான் பொருத்தினார். மேசைக்கு அடியில், கால் பக்கமாக, ஒரு சின்ன ஹீட்டர் தகட்டையும் மாட்டினார். நல்ல வேலை. விளிம்பைச் சுற்றி ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. கொக்கியும் இல்லை, கீலும் இல்லை.

"இது திறக்காதா அத்தான்?"

"எதுக்கு?" என்றார். நிஜமாகவே அவருக்குக் காரணம் தெரியவில்லை.

அக்கா கண்டுகளை ஜன்னல் விளிம்பில் அடுக்கினாள். கறுப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். பாட்டு வாத்தியாரின் கோட்டைப் பிரித்து மறுபடி கோக்க உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை. பகல் வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது. தெருச் சத்தம் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. வண்டிகள் ஊமையாகப் போயின. நான் சுவரில் சாய்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அவளுடைய இடது கை தலைக்கு மேல் எழுந்தது. ஒருமுறை ஆடியது. கீழே இறங்கி வேலையைத் தொடர்ந்தது. கண் துணியை விட்டு நகரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எழுந்தது.

எதிர்க்கடையில் வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டிய லென்ஸோடு நிமிர்ந்தார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. தயங்கித் தயங்கித் தன் கையைத் தூக்கி ஆட்டினார்.

அது மட்டும் அக்காவின் கண்ணில் பட்டது.

"ஏண்டி" என்றாள் ஊசியை நிறுத்தி, "எதிர்க்கடையிலயும் போய் சென்சார் மாட்டிட்டாரா உங்க அத்தான்?"