பிரேக்குக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

நாகர்கோவிலில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், "ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு பிரேக் பேட் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முதலில் உங்களைப் பார்ப்பார். அப்புறம் வெளியே நிற்கும் வண்டியைப் பார்ப்பார். அப்புறம், "டாக்டரம்மா, வண்டி நிக்கல்லியா?" என்பார். நிற்குது சாமி, நிற்குது. பூதப்பாண்டி போய்வருகிற வேகத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் நிற்குது. நூற்றைம்பதில் போய் நாலு தடவை மிதித்தால் ஐந்தாவது தடவை மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் என் வியாதி.

நான் பல் டாக்டர். வயது நாற்பத்தேழு. இரண்டே பேர் உட்காரக்கூடிய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். பழைய வண்டி. "பிள்ளை ரெண்டு, புருசன் ஒண்ணு, இவ வாங்கினது ரெண்டு சீட்டு வண்டி" என்று எங்கள் திருச்சபையில் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டும். கோயம்புத்தூர் பக்கத்திலிருக்கும் ரேஸ் டிராக்கில் சில நாட்கள், பேர் கொடுத்தால் யாரும் தங்கள் வண்டியைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம். நான் போவேன். பந்தயமில்லை, பரிசில்லை. சும்மா ஓட்டுவதுதான்.

போன தடவை அங்கேதான் மானம் போனது. நேர்ப்பாதை முடிந்து வளைவு வரும் இடத்தில் பெடலை மிதித்தேன். கால் பஞ்சில் மிதித்ததுபோல் தரை வரைக்கும் போய்விட்டது. வண்டி வளையாமல் நேரே, ஓரத்தில் கொட்டியிருந்த ஜல்லிக்குள் இறங்கி, முன்சக்கரம் புதைய நின்றது. எனக்கு ஒரு கீறலில்லை. ஆனால் அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் என் வீட்டுக்காரர்.

அவருக்கு மயிலாடியில் கல் பட்டறை. சாமி சிலை, தூண், திருகைக் கல், கல்லறைக் கல் எல்லாம் அங்கே உருவாகும். திரும்பும் வழியில், திருநெல்வேலியில் டீ குடிக்க இறங்கினபோது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் கல்லறைக் கல்லுல பேரு கொத்திக் குடுக்கேன். உன் பேர என்னக் கொத்த வச்சிராத."

"இன்னும் ஒரு மட்டம் போறேன். அதிலயும் பிரேக் இப்படிப் பண்ணிச்சுன்னா, நானே வண்டியைக் குடுத்திருவேன்" என்றேன். "சொன்ன சொல்லு மாறப்பிடாது" என்றார். மாறமாட்டேன். ஆனால் அந்த வண்டியைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஆக, பிரேக்கை மிதித்தால் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற அந்த பேட் வாங்கவேண்டும். படிக்க ஆரம்பித்தேன். எம்.டி.எஸ். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. கம்பெனி பேட் சூடு ஏறினால் பிடியை விட்டுவிடும். பந்தய பேட் எவ்வளவு சூட்டிலும் பிடிக்கும். ஆனால் தணுத்துக் கிடந்தால் பிடிக்காது, சத்தமும் போடும். இரண்டுக்கும் நடுவே ஒரு ரகம் உண்டு, ரோட்டுக்கும் ஆகும், ஒரு நாள் டிராக்குக்கும் ஆகும். வண்டியை லாரியில் ஏற்றாமல் நாகர்கோவிலிலிருந்து ஓட்டியே போகிற என்னைப் போன்றவளுக்கு எது வேண்டும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். நான் பந்தய பேடை வாங்கினேன். கொழுப்பு, வேறென்ன.

அடுத்த ஞாயிறு காலை ஆராதனைக்கு அதைப் போட்டுக்கொண்டே போனேன். எங்கள் கோயில் வாசல் சரிவு. மிதித்தேன், வண்டி கேட்கவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன். உள்ளே எல்லாரும் தலைகுனிந்து மௌன ஜெபத்தில் இருக்கும் நேரம் பார்த்து, பன்றியைப் பிடித்து அறுத்ததுபோல் ஒரு கீச்சல். மணி அடிக்கிறவரின் சைக்கிளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. முடிந்து வெளியே வரும்போது போதகர் என் கையைப் பிடித்து, "வண்டிக்கும் மனந்திரும்புதல் வேண்டியிருக்கு போல" என்றார். அன்று மத்தியானமே நடு ரகத்துக்குச் சொல்லிவிட்டேன். கூடவே, எளிதில் கொதிக்காத பிரேக் ஆயிலும்.

புது பேடை மாட்டிவிட்டு அப்படியே ஓட்டக்கூடாது. பழக்கவேண்டும். வேகமாகப் போய் அழுத்திக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்துத் தடவை. கடைசியில் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிசம் ஓட்டி ஆறவிடவேண்டும். சூட்டோடு நிறுத்தவே கூடாது. இதற்குத் துணையாக என் அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் கீரிப்பாறை மலையில் ரப்பர் தோட்டத்துக்குப் பஸ் ஓட்டுகிறவர். மலையிறக்கத்தில் கியரிலேயே வண்டியைக் கொண்டுவருவார். பிரேக் என்றாலே இளக்காரம். "ஏட்டி, பிரேக்கச் சவுட்டுகவன் டிரைவரே கிடையாது, கேட்டியா" என்பார்.

விடியற்காலை நாலுவழிச் சாலையில் பத்துத் தடவையும் நன்றாக முடிந்தது. கருகல் வாசனை வந்தது, வரவேண்டியதுதான். ஆறவிடுவதற்காக பூதப்பாண்டி ரோட்டில் திருப்பினேன். அங்கேதான் புத்தி கெட்டுப் போனேன். அறுப்புக் காலம் என்பதை மறந்துவிட்டேன். வளைவு திரும்பினால், ரோடு முழுக்க வைக்கோல் பரப்பிக் காயவிட்டிருக்கிறார்கள். நடுவே ஒரு டிராக்டர். நிறுத்தாமல் வேறு வழியில்லை.

நின்றதும் முன்சக்கரத்திலிருந்து புகை. அண்ணன் "எம்மோ, வைக்கோலு தீப்பிடிச்சுக் கத்தப் போவுது!" என்று அலறிக்கொண்டு இறங்கினார். டிராக்டரில் கிடந்த வாளியை எடுத்தார், ரோட்டோரக் கால்வாயில் முக்கினார், நான் கதவைத் திறப்பதற்குள் இடது சக்கரத்தின்மேல் முழு வாளித் தண்ணீரையும் கவிழ்த்துவிட்டார். சொய்ங் என்றது. ஆவி அடங்கினபிறகு குனிந்து பார்த்தேன். பேட் பிடிக்கிற அந்த இரும்புத் தட்டு, டிஸ்க், அதில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"அறிவிருக்கா உங்களுக்கு? சூட்டு இரும்புல யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்று கத்தினேன். வயலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அண்ணன் வாளியை டிராக்டரில் திரும்ப வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். நான் கூப்பிடவுமில்லை. டிராக் நாளுக்கு இன்னும் ஆறு நாள். அந்த டிஸ்க் இந்த ஜில்லாவில் எங்கும் கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான்.

மறுநாள் கிளினிக்கில் ஒரு அக்காவின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தேன். மிஷின் முனையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. அது இல்லாவிட்டால் சூட்டில் பல் செத்துவிடும். சட்டென்று கை நின்றது. நான் தண்ணீர் விட்டுப் பல் குடைகிறவள். என் வீட்டுக்காரர் தண்ணீர் விட்டுக் கல் அறுக்கிறவர். மலையடிவாரத்தில், முன்னால் போன லாரியின் சக்கரம் புகைந்தால் ஓடைத் தண்ணீரைக் கோரி ஊற்றுகிறதுதான் அண்ணன் வாழ்நாளெல்லாம் கண்டது. சூடென்றால் எங்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதானே! அவரைப் போய் அறிவிருக்கா என்று கேட்டேனே, பாவி. அக்கா வாயைத் திறந்தபடியே, என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா, கண்ணுல தூசி" என்றேன்.

அண்ணனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அண்ணியிடம் கேட்டால், "லீவு போட்டுட்டு எங்கயோ போயிருக்காவ. எங்கன்னு எனக்கிட்ட சொல்லல்ல" என்றாள். எனக்கு வண்டி மறந்தே போனது.

புதன்கிழமை சாயங்காலம் கிளினிக் வரிசையில், தாடை வீங்கினவர்களுக்கு நடுவே அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் கனமான பார்சல். மெக்கானிக்கிடம் நம்பர் எழுதி வாங்கி, பஸ்ஸிலேயே கொச்சி வரைக்கும் போய், இரண்டு டிஸ்க்கும் வாங்கிவந்திருக்கிறார். "ஒரு பக்கம் மட்டும் மாத்தப்பிடாதாமே. ரெண்டும் இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். "சும்மா கெட. பல்லு பிடுங்க வந்தவன் எல்லாம் பயந்து எழும்பிப் போயிருவான்" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "கோயம்புத்தூருக்கு நானும் வரட்டா? பக்கத்து சீட்டுல நான் இருக்கேன்" என்றார்.

புது டிஸ்க்கோடு மறுபடி பத்துத் தடவை. இந்தத் தடவை அண்ணன் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரர் ரயிலில் வந்து வேலிக்கு வெளியே நின்றார். டிராக்கில் முதல் இரண்டு சுற்றும் பயம்தான் ஓட்டியது. வளைவுக்கு முன்னால் நூற்றைம்பது, நூறு, ஐம்பது என்று தூரத்தை மீட்டரில் சொல்லும் பலகைகள் நிற்கும். நூறில் மிதித்தால் போதும். நான் நூற்றைம்பதுக்கும் முன்னாலேயே மிதித்தேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அண்ணன் கத்தினார்: "இப்பமே எதுக்குட்டி சவுட்டுக? அதான் நல்ல பிரேக்கு இருக்குல்லா!" பிரேக்கை மதிக்காத மனுசன் சொல்கிற பேச்சா இது! சிரித்துவிட்டேன். சிரித்த வாக்கில் மூன்றாவது சுற்றில் நூறு வரை பொறுத்திருந்து மிதித்தேன். பிடித்தது. நாலாவதிலும் பிடித்தது. ஐந்தாவது, போன தடவை கால் தரைக்குப் போன அதே இடம். அண்ணனின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி முன்னால் நீண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். மிதித்தேன். பெடல் இம்மியும் தளரவில்லை. வண்டி மூக்கைத் தாழ்த்தி, சொன்ன இடத்தில் சொன்னபடி வேகத்தைக் குறைத்து வளைந்தது. "அப்படிப் போடு!" என்று அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டார்.

ஒரு சுற்று மெதுவாக ஆறவிட்டு உள்ளே வந்து நிறுத்தினேன். சக்கரத்தில் லேசான புகை. அது அப்படித்தான் இருக்கும். வேலிப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வருகிறார். வேட்டி நுனி ஒரு கையில், வண்டிக் கண்ணாடி துடைக்க வைத்திருந்த தண்ணீர் வாளி மறு கையில். வைக்கோல் கதை முழுக்கத் தெரிந்த மனுசன்தான்.

அண்ணன் ஹெல்மெட்டோடு குதித்திறங்கி, சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "மாப்ள, ஊத்தப்பிடாது! ஆறட்டும், அது தானே ஆறட்டும்!" என்றார். வாளியைப் பிடுங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீரைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"பயந்துட்டீங்களா?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"பின்ன பயப்படாம?" சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்து, டிஸ்க்கைத் தொடாமல் உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். வண்டி உண்டா, இல்லையா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்த பேடு இன்னும் எத்தன மட்டம் தாங்கும்?" என்றார்.

"ரெண்டு மட்டம் வரும்."

"அப்ப அடுத்த செட்டுக்கு இப்பமே சொல்லி வச்சிரு" என்றார்.